டயானாவும் சீட்டாவும்: எந்தக் காலத்துக் கதையை முதலில் படிப்பது?

வொண்டர் வுமன் காமிக்ஸ் படிக்கலாம் என்று முடிவு செய்கிறவர்கள் முதல் படியிலேயே தடுக்கி நிற்கிறார்கள். 1941இல் தொடங்கிய கதை இது. எழுத்தாளர் மாறும்போதெல்லாம் பழைய வரலாற்றில் பாதியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் கடைசியில் படம் பார்த்ததோடு பலர் நின்றுவிடுகிறார்கள்.

என்னிடம் யாராவது கேட்டால் சீட்டா என்ற வில்லியைப் பின்தொடர்ந்து உள்ளே போங்கள் என்பேன். வொண்டர் வுமனான டயானாவுக்கு ஏரிஸ் போன்ற தெய்வ எதிரிகள் நிறைய உண்டு. ஆனால் அவள் யார் என்பதை வெளியே கொண்டுவரும் எதிரி சீட்டாதான். டயானாவின் ஆயுதம் ஒரு கயிறு. அது கட்டியவரை உண்மை பேச வைக்கும். எதிரியை ஒழிப்பதைவிட மாற்றுவதையே அவள் எப்போதும் விரும்புவாள். அப்படிப்பட்டவளுக்கு எதிரே சாபத்தால் மிருகமான ஒருத்தி வந்து நின்றால், அவள் செய்யும் கொலையில் அவள் பங்கு எவ்வளவு, சாபத்தின் பங்கு எவ்வளவு? அவளை அடிப்பதா, அணைப்பதா? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு எழுத்தாளரும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதில்களை ஒப்பிட்டாலே எதை முதலில் வாங்குவது என்று தெரிந்துவிடும். திருப்பங்களைத் தொடாமல் இதைச் செய்ய முடியாது. எதுவும் தெரியாமல் படிக்க நினைப்பவர்கள், எழுத்தாளர் கிரெக் ரக்காவின் 2016 வரிசையை எடுங்கள் என்ற முடிவை மட்டும் வாங்கிக்கொண்டு இங்கேயே நிறுத்திவிடலாம்.

முதல் சீட்டா 1943இல் வந்தாள், வொண்டர் வுமன் 6ஆம் இதழில். எழுதியவர் டயானாவைப் படைத்த வில்லியம் மோல்டன் மார்ஸ்டன், வரைந்தவர் எச். ஜி. பீட்டர். இவள் பெயர் பிரிசில்லா ரிச், பணக்கார வீட்டுப் பெண். ஒரு நன்கொடை நிகழ்ச்சியில் எல்லாரும் வொண்டர் வுமனையே பார்க்கிறார்கள், தான் விரும்பும் ஆணும் அவளையே பார்க்கிறான் என்ற பொறாமையில் வெந்துபோகிறாள். தன் அறைக் கண்ணாடியில் சீட்டா உடையணிந்த இன்னொரு தன்னைக் காண்கிறாள். அந்த உருவம் சொன்னபடி தரையில் விரித்திருந்த சீட்டாத் தோலை வெட்டி உடை தைத்துக்கொள்கிறாள். இதில் சாபம் கிடையாது, தெய்வம் கிடையாது. ஒரு மனசு இரண்டாகப் பிளந்ததுதான் கதை. மார்ஸ்டன் உளவியல் படித்தவர், பொய் சொல்லும்போது ரத்த அழுத்தம் எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தவர் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் இந்தக் கண்ணாடிக் காட்சி இன்னும் பிடிபடும்.

ஆனாலும் இதை முதலில் படிக்கச் சொல்ல மாட்டேன். இன்றைய வாசகருக்கு அந்தக் காலத்து வசனங்கள் பாரமாக இருக்கும். அதைவிட முக்கியமாக, ஒரு பெண்ணின் தீமைக்கு இன்னொரு பெண்ணின் மீதான பொறாமைதான் காரணம் என்பது இன்று போதவில்லை. 1980இல் பிரிசில்லாவின் உறவுப்பெண் டெபோரா டொமைன் அந்த உடையைப் போட்டுக்கொண்டு இரண்டாவது சீட்டாவாக வந்தாள். கோப்ரா என்ற வில்லன் அவளை மூளைச்சலவை செய்கிறான். அவளைத் தாண்டிப் போய்விடலாம்.

உண்மையான போட்டி 1987க்கும் 2016க்கும் இடையேதான்.

1987இல் இந்தக் காமிக்ஸை வெளியிடும் டிசி நிறுவனம் வொண்டர் வுமனை 1ஆம் எண்ணிலிருந்து மறுபடி தொடங்கியது. அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் ஜார்ஜ் பெரேஸ். கதையமைப்பும் ஓவியமும் அவருடையவை. இந்தக் காலத்தில் வசனத்தில் லென் வெய்ன் கைகொடுத்தார். 7ஆம் இதழில் பார்பரா ஆன் மினெர்வா நுழைகிறாள். ஆங்கிலேயப் பணக்காரக் குடும்பத்தில் பிறந்த தொல்பொருள் ஆய்வாளர். அபூர்வப் பொருள்களைச் சேர்ப்பது அவளுக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை, தாகம். டயானாவின் உண்மைக் கயிற்றின் மேல் அவள் கண் விழுகிறது. அதற்கு இணையான இன்னொன்று தன்னிடம் இருப்பதாகச் சொல்லி டயானாவை வரவழைக்கிறாள்.

டயானா அப்போதுதான் நம் உலகத்துக்கு வந்திருக்கிறாள். மனிதர்கள் காரணமில்லாமல் பொய் சொல்வார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது. பெண் வீரர்களான தன் அமேசான் இனத்தின் தொலைந்துபோன இன்னொரு கிளையைப் பற்றி ஏதாவது தெரியவரும் என்ற ஆசையோடு போகிறாள். கயிறு மினெர்வாவைத் தொட்டதும் உண்மை வெளியே வந்துவிடுகிறது. டயானா இடிந்துபோகிறாள். ஒரு சண்டையும் இல்லாத காட்சிதான், ஆனால் பெரேஸ் வரைந்த பெரிய பெரிய தெய்வப் போர்களைவிட எனக்கு இதுதான் மனதில் நிற்கிறது. சீட்டா அவளை நகத்தால் கீறுவதற்கு முன்பே மினெர்வா பொய்யால் கீறிவிட்டாள்.

அப்புறம்தான் சாபம். ஆப்பிரிக்காவில் ஒரு பழங்குடி, அவர்கள் வணங்கும் செடித் தெய்வம் உர்ஸ்கார்டாகா, அதற்குக் காவலாக இருக்கும் சீட்டாப் பெண். அந்தக் காவல் பொறுப்பு ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்கு வரும். மினெர்வா தேடிப்போய் அந்தச் சக்தியைத் தனக்கென்று வாங்கிக்கொள்கிறாள். மனித ரத்தம் கலந்த பானம், சூமா என்ற பூசாரி, சடங்கு எல்லாம் உண்டு. ஆனால் அந்தக் காவலுக்கு வருகிறவள் கன்னியாக இருக்க வேண்டும் என்பது விதி. மினெர்வா அப்படி இல்லை. அதனால் வரம் பாதி சாபமாகிறது. சீட்டா உருவத்தில் இருக்கும்போது அளவில்லாத பலமும் ரத்தவெறியும். மனித உருவத்துக்குத் திரும்பினால் உடம்பு நோயில் சுருண்டு விழும்.

இந்த வடிவத்தின் பலம் என்ன? மினெர்வாவுக்கு இங்கே ஆசை இருக்கிறது. அவளே போனாள், அவளே எடுத்துக்கொண்டாள், அதற்கு விலையும் கொடுக்கிறாள். யாரும் அவளை ஏமாற்றவில்லை. அடுத்தவர் மண்ணில் இருக்கும் எல்லாம் தனக்கே என்று நினைத்த ஒரு வர்க்கத்தின் பேராசை கடைசியில் அவள் உடம்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. அருங்காட்சியகங்களை நிரப்பிய காலனிய வரலாறு தெரிந்த எவருக்கும் அது உறைக்கும். பெரேஸ் அப்படி உத்தேசித்தாரோ இல்லையோ, கதை அப்படித்தான் பேசுகிறது.

பலவீனமும் அதே இடத்தில்தான். காலனியப் பேராசையைக் காட்டுகிற கதை, ஆப்பிரிக்காவைக் காட்டும்போது பழைய சாகசக் கதைகளின் கண்ணாடியைத்தான் போட்டுக்கொள்கிறது. ரத்தபலி, மர்மச் செடி, வெள்ளைக்காரிக்குச் சேவை செய்யும் பூசாரி என்று எல்லாம் தேய்ந்த சரக்கு. சூமாவுக்கென்று ஒரு வாழ்க்கை இல்லை. கன்னி விதியோ இன்னும் மோசம். பேராசைக்காகத் தண்டிக்கப்பட வேண்டியவள், கன்னியாக இல்லாததற்காகத் தண்டிக்கப்படுகிறாள். கதை தன் நல்ல பாதியைத் தானே கெடுத்துக்கொள்ளும் இடம் இது. பெண்கள் மட்டும் வாழும் தீவிலிருந்து வந்த ஒரு நாயகியின் கதையில் இப்படி ஒரு விதியை வைத்தது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

படிப்பதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. பெரேஸின் வரிசை 62 இதழ்கள், 1992 வரை போகிறது. அதில் சீட்டா அங்கங்கேதான் வருகிறாள். முதலில் 7 முதல் 9 வரை, பிறகு 1989இல் கயிற்றைத் திருடிக்கொண்டு எகிப்துக்குப் போகும் கதையில். அங்கேதான் டயானா தேடிய அந்த இன்னொரு அமேசான் கிளை, பானா-மைக்டால், வெளியே வருகிறது. சீட்டாவுக்காக மட்டும் வாங்குகிறவர்கள் நடுவே நீண்ட இடைவெளியைக் கடக்க வேண்டியிருக்கும். மற்றபடி அந்த இடைவெளி முழுக்க நல்ல கதைகள்தான். பெரேஸின் ஓவியத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கிரேக்கத் தெய்வங்கள் வாழும் ஒலிம்பஸின் படிக்கட்டுகளையும் தூண்களையும் அவர் நிரப்பி வரைந்த பக்கங்களில் கண் வெகுநேரம் அலைந்துகொண்டிருக்கும்.

2016க்குப் போவதற்கு முன் 2012ஐத் தொட்டே ஆக வேண்டும். டயானாவும் பார்பராவும் முன்பு தோழிகள் என்ற யோசனை ரக்காவுக்கு முன்பே, ஜெஃப் ஜான்ஸ் எழுதிய, சூப்பர்ஹீரோக்கள் கூட்டமாக வரும் ஜஸ்டிஸ் லீக் 13, 14ஆம் இதழ்களில் வந்துவிட்டது. ஆனால் அந்த நட்பை நாம் பார்ப்பதில்லை, சொல்லித்தான் கேட்கிறோம். அதோடு ஜான்ஸ் வேறொரு திருப்பமும் வைத்தார். சீட்டா தெய்வம் தீயதே அல்ல, பார்பராதான் அதைக் கெடுத்தாள் என்று அதை வணங்கும் பழங்குடியினர் சொல்கிறார்கள். ஆப்பிரிக்கத் தெய்வத்தின் மேல் பழி போடாத ஒரு சீட்டா கதை என்ற வகையில் அது நல்ல யோசனைதான். ஆனால் அதன் பிறகு டயானாவுக்குச் செய்ய ஒன்றுமில்லை. தோழி முதலிலிருந்தே கெட்டவள் என்றாகிவிட்டால் அவளைக் கட்டிச் சிறையில் போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். கேள்வியே இல்லாமல் போய்விடுகிறது.

2016 ஜூனில் தொடங்கிய வரிசையில் கிரெக் ரக்கா அந்தக் கேள்வியைத் திரும்பக் கொண்டுவந்தார். ஒரு முன்னோட்ட இதழும் 25 இதழ்களும், மாதம் இரண்டாக வெளிவந்தவை. ஒற்றைப்படை இதழ்களில் ஒரு காலம், இரட்டைப்படை இதழ்களில் வேறொரு காலம் என்று இரண்டு கதைகள் பின்னிக்கொண்டு போகும். நிகழ்காலத்தை லியம் ஷார்ப் வரைகிறார். அடர்ந்த காடு, மயிரிழை மயிரிழையாக மிருகத்தின் தோல், இருட்டு. டயானா முதன்முதலாக நம் உலகத்துக்கு வந்த ஆண்டை நிக்கோலா ஸ்காட் வரைகிறார். அது முழுக்க வெளிச்சம். பின்பாதியில் இரட்டைப்படை இதழ்களை பில்கிஸ் எவெலி எடுத்துக்கொள்கிறார்.

அந்த முதலாம் ஆண்டில் டயானாவின் மொழி யாருக்கும் புரியவில்லை. ராணுவம் அவளை அடைத்து வைத்திருக்கிறது. பேசிப்பார்க்கக் கூட்டிவரப்படுபவர்தான் டாக்டர் பார்பரா ஆன் மினெர்வா. பழைய மொழிகள் அறிந்தவர். அமேசான்கள் கட்டுக்கதை இல்லை என்று வாழ்க்கை முழுக்க நம்பி, யாரும் நம்பாததைப் பொறுத்துக்கொண்டவர். அவர் எதிரில் ஒரு அமேசான் உயிரோடு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு சொல், இன்னொரு சொல் என்று இருவரும் பேசத் தொடங்கும் பக்கங்களைப் பார்த்தால் இந்த நட்பின் ஆழம் புரிந்துவிடும். டயானாவுக்கு நம் உலகத்தில் முதலில் காது கொடுத்தவள் பார்பரா. பார்பராவுக்குத் தன் வாழ்நாள் நம்பிக்கை பொய்யில்லை என்று காட்டியவள் டயானா. 1987இல் டயானாவின் முதல் ஏமாற்றமாக வந்தவள் இங்கே அவள் முதல் தோழி. பழைய கதையை அறிந்தவர்களுக்கு இந்தத் தலைகீழ் மாற்றம் கூடுதலாகவே வலிக்கும்.

நடுவில் 8ஆம் இதழ் தனியாக நிற்கிறது. பார்பராவின் சிறுவயதிலிருந்து தொடங்கும் இதழ், எவெலி வரைந்தது. புராணக் கதைகளில் மூழ்கிக் கிடந்த ஒரு சிறுமி எப்படி ஆராய்ச்சியாளரானாள் என்பதுதான் அதன் கதை. இந்த வரிசை முழுவதிலும் ஒரே இதழைக் காட்டி ஒருவரை உள்ளே இழுக்கச் சொன்னால் நான் இதைத்தான் கொடுப்பேன்.

இதே பார்பரா நிகழ்காலக் கதையில் எப்படி இருக்கிறாள்? பார்பரா சீட்டா ஆகி நெடுநாள் ஆகிவிட்டது. மனித மாமிசம் கேட்கும் பசி அவளை விடுவதில்லை. தன் தீவுக்குப் போகும் வழியைத் தொலைத்துவிட்ட டயானா, அதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆளைத் தேடி காட்டுக்குள் வருகிறாள். சண்டை வருகிறது. ஆனால் டயானா ஜெயிக்க வரவில்லை, உதவி கேட்டு வந்திருக்கிறாள். உர்ஸ்கார்டாகாவிடமிருந்து என்னை விடுவி, நான் உனக்கு வழிகாட்டுகிறேன் என்பது சீட்டாவின் நிபந்தனை. இங்கே உர்ஸ்கார்டாகா பெண்களைப் பலியாகவும் மணப்பெண்ணாகவும் கேட்கும் கொடுமைக்காரத் தெய்வம். அவனுக்காகக் கடத்தப்பட்ட உள்ளூர்ப் பெண்களும் கதையில் இருக்கிறார்கள். கன்னி விதியை வைத்து அவளைத் தண்டித்த கதை, இப்போது அப்படி விதி வைக்கும் தெய்வத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. 1987இன் மிக மோசமான பகுதியை ரக்கா தூக்கி எறியாமல் திருப்பிப் போட்டார் என்பதுதான் எனக்கு அவர் மேல் மதிப்பு வரக் காரணம். புவுண்டா என்று கற்பனை நாட்டின் பெயர் வைத்தும் ஆப்பிரிக்கா பின்னணித் திரையாகவே இருக்கிறது என்ற குறை மட்டும் முழுசாகத் தீரவில்லை.

சாபம் எப்படி வந்தது என்பது பின்பாதியில்தான் தெரிகிறது. ஆபத்து வந்தால் கூப்பிடு என்று டயானா ஒரு கருவியைக் கொடுத்திருந்தாள். பார்பரா கூப்பிட்டாள். அந்த அழைப்பு டயானாவை எட்டவில்லை. எட்டவிடாமல் செய்தவள் வெரோனிகா கேல். தெய்வங்களிடம் மகளின் ஆன்மாவைப் பறிகொடுத்து, அதை மீட்க எதையும் செய்யத் துணிந்துவிட்ட ஒரு தாய். டயானா தவறு எதுவும் செய்யவில்லை. ஆனால் வருவேன் என்று சொன்னவள் வரவில்லை என்பது மட்டும்தான் பார்பராவுக்குத் தெரியும். உண்மைக் கயிறு இந்த இடத்தில் உதவாது. ஏனென்றால் இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

நம் கதைகளில் சாபம் கொடுத்தால் கூடவே விமோசனத்தையும் சொல்லிவிடுவார்கள். ராமனின் கால் பட்டால் அகலிகை எழுந்துவிடுவாள், அதற்கு மேல் கதை இல்லை. ரக்கா விமோசனத்தை நடுவிலேயே கொடுத்துவிடுகிறார். உர்ஸ்கார்டாகா வீழ்கிறான், பார்பரா மனுஷியாகிறாள். அதற்குப் பிறகும் பாதிக் கதை மிச்சமிருக்கிறது. இத்தனை நாள் செய்ததையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு காபி குடித்து, உடை உடுத்தி, சாதாரணமாக வாழ வேண்டும். பிறகு கேலின் பிடியில் அவள் திரும்பவும் சீட்டா ஆகிறாள். வரிசை முடியும்போதும் சீட்டாவாகவே இருக்கிறாள். டயானா தன்னால் முடிந்த எல்லாம் செய்தும் தோழியைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு சூப்பர்ஹீரோ கதை இதை ஒத்துக்கொள்வது அபூர்வம்.

ரக்காவிடம் எனக்குக் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. இந்தப் பார்பராவிடம் தீமை மிகக் குறைவு. அவளுக்கு நடக்கும் எல்லாமே பிறர் செய்தவை. தெய்வம் பிடித்தது, கேல் சதி செய்தாள், அழைப்பு போகவில்லை. பெரேஸின் மினெர்வா கயிற்றைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டும் அந்தத் திமிர் இவளிடம் கிடையாது. ஒரு பெண் வில்லியை இரக்கத்துக்கு உரியவளாக்கும்போது அவளுடைய ஆசையையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறோம். இந்தப் பிரச்சினை இந்தக் கதைக்கு மட்டும் உரியதல்ல என்றாலும் இங்கே நன்றாகவே தெரிகிறது. பின்பாதியில் கேல் என்ற பாத்திரத்தின் கனம் சீட்டாவை ஓரமாகத் தள்ளுகிறது என்பதும் உண்மை.

2020இல் வந்த வொண்டர் வுமன் 1984 படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் சாபத்துக்குப் பதில் ஒரு வரம் கேட்கும் கல். கிறிஸ்டன் விக் நடித்த பார்பரா டயானாவைப் போல ஆக ஆசைப்படுகிறாள், பதிலுக்குத் தன் இரக்க குணத்தை இழக்கிறாள். தோழமையும் பொறாமையும் கலந்த அந்த முதல் பாதி, 1943இன் பிரிசில்லாவையும் 2016இன் பார்பராவையும் ஒன்றாகச் சேர்த்தது போல இருந்தது. சீட்டா உருவம் வந்ததும் படம் அவளை ஒரு சண்டையோடு முடித்துவிட்டது. அந்த முதல் பாதி பிடித்தவர்களுக்கு ரக்காதான் சரி.

ஆக, ஒன்றே ஒன்று வாங்கப் போகிறீர்கள் என்றால் 2016 வரிசை. டயானா யார், அவள் எதிரி யார், இருவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது இதில் ஒரே கதையாக, ஆரம்பமும் முடிவுமாகக் கிடைக்கிறது. முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வில்லி வில்லியாகவே இருக்க வேண்டும், கிரேக்கத் தெய்வங்கள் நிறைய வேண்டும், பழைய பாணி நீண்ட வசனங்கள் தொந்தரவில்லை என்பவர்கள் பெரேஸிடம் தொடங்கலாம். ரக்காவைப் படித்துவிட்டு பெரேஸுக்குப் போவதும் நல்லது, இரண்டு பார்பராக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். பெரேஸின் தொகுப்புகளில் 'காட்ஸ் அண்ட் மார்ட்டல்ஸ்' 7ஆம் இதழோடு முடியும், சீட்டாவாக அவள் தாக்குவது அடுத்த தொகுப்பான 'சேலஞ்ச் ஆஃப் தி காட்ஸ்'இல் இருக்கிறது என்பதைக் கவனித்து வாங்குங்கள்.

ரக்காவின் வரிசை நான்கு தொகுதிகளாகக் கிடைக்கிறது: 'தி லைஸ்', 'இயர் ஒன்', 'தி ட்ரூத்', 'காட்வாட்ச்'. தொகுதி எண்படி படித்தால் முதலில் மிருகத்தைச் சந்திப்பீர்கள், பிறகுதான் தோழியை. நான் சொல்வது வேறு. இரண்டாவது தொகுதியான 'இயர் ஒன்' முதலில். அந்த 8ஆம் இதழும் அதில்தான் இருக்கிறது. அப்புறம் 'தி லைஸ்'. கடைசி இரண்டையும் மட்டும் வெளிவந்த வரிசைப்படி, 13க்கும் 15க்கும் பிறகு 16, 17, 18 என்று இரண்டு புத்தகங்களையும் மாற்றி மாற்றி எடுத்துப் படியுங்கள். கேல் என்ன செய்தாள் என்பதும் அதன் விளைவை பார்பரா எப்படிச் சுமக்கிறாள் என்பதும் அப்போதுதான் ஒன்றோடொன்று மோதும்.